“கேஸ் முடியட்டும்” என்று சொல்லாதீர்கள்

ஒரு வீட்டில் ஆள் வெட்டுப்பட்டுச் செத்துப்போகிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது, விவரம் தெரிந்த உறவுக்காரர் ஒருவர் அந்த வீட்டுப் பெண்ணிடம், “கவர்மெண்ட்ல பணம் குடுப்பாங்களாம்மா, கேஸ் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்கிறார். எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டுப் போனால் ஸ்டேஷன் ரைட்டரும் அதையே சொல்கிறார். ஊர் வக்கீலைப் போய்ப் பார்த்தால் அவர் வாயிலிருந்தும் அதே பதில்தான். மூவரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். மூவர் சொல்வதும் தவறு. வன்முறைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் இழப்பீட்டுக்கும், குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதற்கும் சட்டத்தில் முடிச்சு கிடையாது. ஆளே பிடிபடாவிட்டாலும் மனுப் போடலாம். வழக்கு விடுதலையில் முடிந்தாலும் நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். வழக்கு தொடங்கும் முன்பே இடைக்காலத் தொகை வாங்கலாம். இந்தத் திட்டத்தின் பெரிய எதிரி எது என்று கேட்டால் பலரும் நிதிப் பற்றாக்குறையைச் சொல்வார்கள். நான் “கேஸ் முடியட்டும்” என்ற அந்த வாக்கியத்தைத்தான் சொல்வேன். நிதி இல்லாவிட்டால் மனு நிலுவையில் கிடக்கும். இந்த வாக்கியம் மனுவையே பிறக்கவிடுவதில்லை.

காத்திருப்பதில் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். அமர்வு நீதிமன்றத்தில் கொலை வழக்கு முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். அந்த வீட்டுக்குக் காசு தேவைப்படுவது முதல் மூன்று மாதத்தில். வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம், உயிர் பிழைத்தவரென்றால் மருந்துச் செலவு, வாய்தாவுக்குப் போய்வரப் பஸ் காசு, அன்றைக்குப் போன கூலி. இவற்றுக்காகக் கந்துவட்டிக்கு வாங்குகிறார்கள். கடன் கழுத்தை நெரிக்கும் நேரம் பார்த்து எதிர்த்தரப்பிலிருந்து ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்கிறார். “போன உசுரு வரப்போறதில்ல, ரெண்டு லட்சம் வாங்கிக்கிட்டுக் காம்ப்ரமைஸா போயிடுங்க” என்கிறார். சாட்சி பிறழ்கிறது, வழக்கு உடைகிறது. அப்புறம் அந்தக் குடும்பத்தை ‘விலைபோனவர்கள்’ என்று ஊர் பேசும். முதல் மாதத்திலேயே அரசின் இடைக்கால இழப்பீடு கையில் இருந்திருந்தால், திண்ணையில் வந்து உட்கார்ந்தவரை எழுந்து போகச் சொல்லும் தெம்பு அந்தப் பெண்ணுக்கு இருந்திருக்கும். இழப்பீட்டை வழக்கின் முடிவில் கிடைக்கும் பரிசாகப் பார்ப்பதால் நேரும் கேடு இது. வழக்கு நடக்கும்போது சாட்சியைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய தூண் அது.

முதல்வர் நிதி வேறு, இது வேறு

பெரிய குற்றம் நடந்து பத்திரிகையில் வந்தால், முதலமைச்சரின் பொது நிவாரண நிதியிலிருந்து இத்தனை லட்சம் என்று அறிவிப்பு வரும். அதைப் பார்த்துப் பார்த்து, செய்தியில் வந்தால்தான் பணம் என்று மக்கள் நினைத்துவிட்டார்கள். அது அரசு விரும்பினால் தரும் நிவாரணம். கேட்டு வழக்குப் போட முடியாது. இங்கே பேசுவது சட்டப்படியான இழப்பீடு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் 357-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2009 டிசம்பர் 31 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் ஒரு திட்டம் வகுத்து நிதி ஒதுக்கியே ஆக வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டின் திட்டம் 2013-இல் வந்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்த பிறகு, அதே பிரிவு 396 என்ற எண்ணில் தொடர்கிறது.

பெண்கள் பாதிக்கப்பட்ட பாலியல் குற்றங்களுக்கும் வேறு சில குற்றங்களுக்கும் இலவச சட்ட உதவிக்கான அமைப்பான தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு தனித் திட்டம் ஒன்றை வகுத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, 2018 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வரச் செய்தது. அதன் அட்டவணையில் உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம், பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம், அமில வீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் 50 சதவீதம் கூடுதல். ஆண்கள் பாதிக்கப்பட்ட வழக்குகள் மாநிலத்தின் பொதுத் திட்டத்தில் வரும். அங்கே தொகையும் கால வரம்பும் வேறு. திருத்தங்கள் வந்துகொண்டே இருப்பதால், நடப்பு அட்டவணையை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமை என்றால் கதவே வேறு: அங்கே பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. 2016-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி கொலைக்கு 8 லட்சத்து 25 ஆயிரம். அதில் பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதிப் பாதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும். தீர்ப்பு என்ற சொல்லே அந்தத் தவணைக் கணக்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பழைய பிரிவு விட்டுப்போன பழக்கம்

அப்படியானால் “கேஸ் முடியட்டும்” எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு வேர் இருக்கிறது. 357-ஏ வருவதற்கு முன்பே 357 என்ற பிரிவு இருந்தது. இப்போது அது 395. குற்றவாளிக்கு விதிக்கும் அபராதத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரலாம் என்பது அதன் சாரம். அதற்குத் தண்டனை வேண்டும். அபராதம் கட்டியிருக்க வேண்டும். மேல்முறையீட்டுக் காலம் கழியும்வரை, மேல்முறையீடு செய்திருந்தால் அது முடியும்வரை, அந்தப் பணத்தைக் கொடுக்கவும் கூடாது. இந்த அதிகாரத்தைக் கீழ் நீதிமன்றங்கள் பயன்படுத்துவதே அரிதாக இருக்கிறது என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் குறைப்பட்டுக்கொண்டது. பல்லாண்டுகள் இந்த ஒரு பிரிவோடு பழகிய வக்கீல்களும் காவலர்களும் ‘இழப்பீடு’ என்று கேட்டதும் தீர்ப்பு நாளை நினைப்பது இயல்பு. பக்கத்திலேயே ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்தோடு வந்த புதிய பிரிவு குற்றவாளியின் சட்டைப்பையை நம்பியிருக்கவில்லை. அது அரசின் கருவூலத்தைத் திறந்தது. எண் ஒன்றுபோலவே இருந்ததால், பழைய பிரிவின் நிபந்தனைகளைப் புதியதன் மேலும் ஏற்றிவிட்டோம். இப்போது எண்கள் 395, 396 என்று பிரிந்துவிட்ட பிறகும் அந்தக் குழப்பம் போகவில்லை.

புதிய பிரிவின் துணைப்பிரிவுகளை வரிசையாகப் படித்தால் போதும். நீதிமன்றம் பரிந்துரைத்தால் எவ்வளவு தருவது என்று மாவட்ட அல்லது மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழு முடிவு செய்யும். விசாரணை முடிவில், குற்றவாளியிடமிருந்து கிடைப்பது போதாது என்றாலும், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலையோ விசாரணைக்கு முன்பே விடுவிப்போ ஆகியிருந்தாலும், மறுவாழ்வுக்காக நீதிபதி பரிந்துரைக்கலாம். குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கே நடக்காவிட்டால், பாதிக்கப்பட்டவர் நேரடியாக ஆணைக்குழுவிடம் போகலாம். இரவில் முகமூடிக்காரன் அரிவாளால் வெட்டி நகையைப் பறித்துக்கொண்டு போன வழக்குகளுக்கு இந்தத் துணைப்பிரிவு எழுதப்பட்டதுபோலவே இருக்கும். ஆள் பிடிபடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி இவர்களைத்தான் முதலில் திருப்பி அனுப்புகிறார்கள்.

2014 நவம்பர்

இந்த விஷயத்தில் திருப்பம் என்று ஒரு நாளைக் குறிக்கச் சொன்னால், உச்ச நீதிமன்றம் சுரேஷ் எதிர் ஹரியானா மாநிலம் என்ற வழக்கில் தீர்ப்புச் சொன்ன 2014 நவம்பர் 28-ஐச் சொல்வேன். 2000-ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு தந்தையும் மகனும் பணத்துக்காகக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம்வரை வந்தபோது அவர்கள் குற்றவாளிகளா என்பதுதான் கேள்வி. தண்டனையை உறுதிசெய்துவிட்டு நீதிபதிகள் வி. கோபால கவுடாவும் ஆதர்ஷ் குமார் கோயலும் கோப்பை மூடியிருக்கலாம். அவர்கள் இன்னொரு கேள்வியைக் கையில் எடுத்தார்கள்: கணவனையும் மகனையும் ஒரே அடியில் இழந்தவருக்கு அரசு என்ன செய்தது? பதினான்கு ஆண்டுகளாக விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு என்று எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. அந்தக் கோப்பில் இழப்பீடு என்ற பேச்சே இல்லை.

அந்தத் தீர்ப்பு மூன்று காரியம் செய்தது. இரண்டு உயிருக்குமாக 10 லட்சம் ரூபாயை இடைக்கால இழப்பீடாக ஹரியானா மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழு தர வேண்டும் என்றது. இழப்பீட்டுத் தொகையில் அன்று தாராளமாக இருந்த கேரளத்தின் அளவுகளை, அதைவிடக் கூடுதலாகத் தராத மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்றது. மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். ஒரு குற்றத்தை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும்போதே, உடனடியாகப் பணம் தேவைப்படும் பாதிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை என்றது. யாரும் மனுப் போடாவிட்டாலும் தானாகவே பார்க்க வேண்டும். இடைக்காலமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு இறுதித் தொகையைப் பின்னால் முடிவு செய்யலாம். எல்லா நீதிபதிகளுக்கும் இதில் பயிற்சி கொடுப்பதற்காகத் தீர்ப்பின் நகலைத் தேசிய நீதித்துறை அகாடமிக்கு அனுப்பவும் உத்தரவிட்டது. அந்த நாளோடு “கேஸ் முடியட்டும்” என்பதற்குச் சட்டத்தில் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. தாலுகா நீதிமன்றத்தின் வராந்தாவில் மட்டும் அது இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

2018-ஆம் ஆண்டுப் பெண்கள் திட்டம் இந்தக் கருத்துக்கு நாள் கணக்கும் ரூபாய்க் கணக்கும் கொடுத்தது. மனு வந்த உடனே 5,000 ரூபாய், தேவைக்கேற்ப 10,000 வரை, பணம் ஏற்றிய வங்கி அட்டையாகக் கையில் தர வேண்டும். இடைக்கால நிவாரணம் அட்டவணையின் உச்சத் தொகையில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பாலியல் வன்கொடுமையில் உச்சம் 7 லட்சம் என்பதால் இடைக்காலமே 1 லட்சத்து 75 ஆயிரம் வரும். அதைப் பிடித்தமில்லாமல் முழுதாகத் தர வேண்டும். அமில வீச்சு என்றால் தகவல் வந்த 7 நாளில் ஆணை, அடுத்த 8 நாளில் 1 லட்சம், இரண்டு மாதத்துக்குள் மேலும் 2 லட்சம். இறுதி முடிவுக்கு 60 நாள். மறுத்தால் மாநில ஆணைக்குழுவுக்கு 30 நாளில் மேல்முறையீடு. குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்கில் 2020-ஆம் ஆண்டுப் போக்சோ விதிகள் இன்னும் தெளிவு. எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீட்டுக்கு ஆணையிடலாம். ஆணை கிடைத்த 30 நாளில் அரசு பணத்தைத் தர வேண்டும். அதற்கும் முன்பாக, உணவு, உடை, பயணம் போன்ற அவசரச் செலவுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்தில் பணம் வர வேண்டும். இந்தக் கடைசி வழி இருப்பதே பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

மனு எங்கே சிக்கும்

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். முதன்மை மாவட்ட நீதிபதி அதன் தலைவர். நாம் பார்க்க வேண்டியது செயலாளரை, அவரும் ஒரு நீதித்துறை அலுவலர்தான். வழி தெரியாவிட்டால் 15100 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம். மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பெண்கள் திட்டத்தில் மனுவைப் பாதிக்கப்பட்டவரோ, அவரைச் சார்ந்தவரோ, அந்த எல்லையின் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகலை ஆணைக்குழுவுக்கு அனுப்பிவைப்பதும் காவல்துறையின் கடமை. அது நடந்திருக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

முதல் முட்டுக்கட்டை ஸ்டேஷனிலேயே வரும். புகார் கொடுத்ததும் கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைத் திணித்து அனுப்பிவிடுவார்கள். அது புகார் வந்தது என்பதற்கான ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். ஆகாது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பாலியல் வழக்குகளில் அது இணையத்தில் ஏறாது என்பதால் நேரில்தான் வாங்க வேண்டும். பதிவே செய்யாவிட்டால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. பெண்கள் திட்டம் எஃப்.ஐ.ஆர். அல்லது குற்றப் புகார் நகல் என்றே கேட்கிறது. ஆகவே, எஃப்.ஐ.ஆர். இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மனுவை வாங்க மறுத்தால் அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள்.

இரண்டாவது, பிரிவு. இது பலருக்கும் தெரியாத இடம். அடிபட்ட அன்று இரவு அவசரமாக எழுதும் எஃப்.ஐ.ஆரில் சாதாரணக் காயம் என்று ஒரு பிரிவைப் போட்டுவிடுவார்கள். பத்து நாள் கழித்து எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியும், கொடுங்காயம் என்று மருத்துவர் காயச் சான்றிதழில் எழுதுவார், விசாரணை அதிகாரியும் பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புவார். மனுவோடு பழைய எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால், அட்டவணையில் கீழ்வரிசைத் தொகைதான் கணக்கில் வரும், அல்லது மனுவே தள்ளுபடி ஆகும். பிரிவு மாற்ற அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். கூடவே அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி. நிரந்தர ஊனம் என்றால் எத்தனை சதவீதம் என்று குறிப்பிட்ட மருத்துவச் சான்று. அட்டவணையில் 20, 40, 80 சதவீதங்களில் தொகை மாறுவதால் ‘கை செயலிழந்தது’ என்று பொதுவாக எழுதிய கடிதம் உதவாது.

உயிரிழப்பு வழக்கில் மனு அதிகம் தேங்குவது வாரிசுச் சான்றிதழில். இ-சேவை மையத்தில் பதிந்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகர வேண்டும். மாமியார் வீட்டோடு தகராறு இருந்தால் ஆட்சேபம் வந்து நின்றுவிடும். இங்கே 2018 திட்டம் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. இறந்தவரைச் சார்ந்திருந்தவர் என்ற சான்றை இரண்டு வாரத்தில் தர வேண்டும், நீட்டிப்புக் கிடையாது. 15 நாளில் வராவிட்டால் மனுதாரரின் உறுதிமொழிப் பத்திரத்தை வைத்தே ஆணைக்குழு மேலே போகலாம். இதை யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள். விண்ணப்பித்த தேதியுள்ள இ-சேவை ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் 15 நாள் கணக்கைக் காட்டலாம்.

மனுவின் வாசகத்தில் ஒன்று: ‘இழப்பீடு வழங்க வேண்டுகிறேன்’ என்று மட்டும் எழுதினால் அது இறுதித் தொகைக்கான மனுவாகவே நகரும். ‘முதற்கண் இடைக்கால இழப்பீடு’ என்று தனியாக ஒரு வேண்டுகோள் வேண்டும், அதன் கீழே இன்றைய கடன், மருத்துவச் செலவு, நின்றுபோன வருமானம், நின்றுபோன படிப்பு எல்லாம் தொகையோடு வர வேண்டும். தொகையைத் தீர்மானிக்கும்போது இவற்றையும், குற்றம் ஒருமுறை நடந்ததா நீண்டகாலம் நடந்ததா, செய்தவர் உறவினரா என்பதையும் பார்க்க வேண்டும் என்று திட்டமே சொல்கிறது. வேறு வழியில் அரசுப் பணம் ஏதாவது வாங்கியிருந்தால் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

“பணம் வாங்கினால் கேஸ் நீர்த்துப்போகும், குறுக்கு விசாரணையில் பணத்துக்காகத்தானே புகார் கொடுத்தாய் என்று கேட்பார்கள்” என்ற பயம் நேர்மையான பயம். கேட்கத்தான் செய்வார்கள். அரசு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், இது எதிரி தரும் பணம் இல்லை, சட்டம் அரசின் மேல் சுமத்திய கடன் என்று பதில் தயாராக இருக்கும். காப்பாற்றத் தவறிய அரசு, விழுந்தவரைத் தூக்கிவிட ஒரு கை கொடுக்கிறது. நியூசிலாந்து 1963-லும் பிரிட்டன் 1964-லும் இதே எண்ணத்தில்தான் திட்டம் தொடங்கின. அதை வாங்குவதில் கூசுவதற்கு ஒன்றுமில்லை.

ஆணைக்குப் பிறகு

ஆணை வந்ததும் முழுப் பணமும் கணக்கில் ஏறிவிடும் என்று எதிர்பார்த்துக் கடன்காரனுக்குத் தேதி சொல்லிவிடாதீர்கள். பெண்கள் திட்டத்தில் இறுதித் தொகையின் 75 சதவீதம் குறைந்தது மூன்று ஆண்டு நிரந்தர வைப்பில் போகும், 25 சதவீதம்தான் உடனே. 18 வயதுக்குக் கீழ் என்றால் 80 சதவீதம் வைப்பில். வயது நிரம்பும்வரை எடுக்க முடியாது, வைத்து மூன்று ஆண்டும் ஆகியிருக்க வேண்டும். படிப்பு, மருத்துவம் போன்ற அவசரத்துக்கு முன்கூட்டியே எடுக்க ஆணைக்குழுவிடம் மனுப் போடலாம். கல்லூரிச் சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் இணைத்தால் போதுமான காரணம் அது. நிதி வரவில்லை என்று ஆணை கோப்பிலேயே கிடந்தால், ஆணை எண்ணைக் குறிப்பிட்டு மாநில ஆணைக்குழுவின் உறுப்பினர் செயலருக்கு எழுதலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம்.

வைப்புக் கணக்கில்தான் யாரும் பேசாத ஒரு சிக்கல். குழந்தையின் கணக்குக்குக் காப்பாளர் யார்? குற்றம் செய்தவர் தகப்பனாகவோ தாய்மாமனாகவோ இருக்கும் வழக்குகளில், வங்கி வழக்கமாகக் கேட்கும் காப்பாளர் பெயரே தவறாகப் போய்விடும். ஆணை எழுதும்போதே காப்பாளர் யார் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் எனச் செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் தலைப்பெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். பத்து வயதில் போட்ட வைப்புத் தொகையை எடுக்கப் பதினெட்டு வயதில் அந்தப் பெண் தனியாக வங்கிக்குப் போவாள். கவுண்டரில் இருப்பவர் நாலு பேர் காதில் விழ “இது என்ன கேஸ் பணம்?” என்று கேட்கக்கூடும். அவள் எதையும் விளக்கத் தேவையில்லாதபடி, முதிர்வுத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கிளை மேலாளருக்கு உறையிட்ட கடிதம் அனுப்பும்படி ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்து, அதன் ஒப்புகையை வைப்பு ரசீதோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.